தாமதமாக வந்தவர்களும் உள்ளே வரலாம்

என் அன்புள்ள லூர்து அண்ணாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பொறுக்க மாட்டீர்கள். உங்கள் மாணவர் மன்றம் பிழைத்துக்கொண்டது. மூடியே தீருவேன் என்று நின்ற தலைமையாசிரியரே வருகிற ஜூனிலும் தேர்தல் வைக்கச் சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டோம் அண்ணா. எழுதும்போதே கை துள்ளுகிறது, எழுத்து கோணினால் கோணிவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. தேவாலாவில் வழக்கம்போல் மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. துணி காயவில்லை, சுவரெல்லாம் பாசி, ஸ்டாஃப் ரூம் ஓடு அதே இடத்தில் ஒழுகுகிறது. அங்கே நீங்கள் வைத்த பெயிண்ட் டப்பாவை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. நகர்த்தினால் நான் சும்மா இருப்பேனா?

மன்றம் என்றால் என்னவென்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இந்த உயர்நிலைப்பள்ளிக்குச் சமூக அறிவியல் டீச்சராக வந்தபோது நீங்கள் பி.டி. மாஸ்டர். சிறுபிள்ளையாகச் சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கூடலூர்ப் பக்கத்து அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம் உங்களுடையது. பேச்சில் பாதி இன்னும் அக்கரையிலேயே இருந்தது. எதைச் சொன்னாலும் கடைசியில் "விளங்குச்சா டீச்சர்?" என்பீர்கள். விளங்காமல் என்ன, நான் என்ன மக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நம் பள்ளிக்கூடத்தில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. லயம் என்கிற தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் வகுப்பைக் கூட்டுவார்கள், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். பஜார்ப் பிள்ளைகள் மணியடிப்பார்கள், சாக்பீஸ் எடுத்து வருவார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை. தோட்டத்தில் மழையில் நிற்பவர்களும் ஆபீஸில் உட்காருபவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பள்ளிக்கூடமும் அப்படித்தான் போலிருக்கிறது என்று தாங்களாகவே பிரிந்துகொண்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். உங்களுக்குத்தான் ஒருநாள் பொறுக்கவில்லை.

விசிலை ஊதி, துடைப்பத்தைத் தொட்டே பார்க்காதவர்கள் எல்லாம் இன்றைக்கு முன்னால் வாருங்கள் என்றீர்கள். மறுநாள் ஒரு கடைக்காரர் வந்து, என் மகனைக் கூட்டச் சொல்ல நீ யார் என்று சத்தம் போட்டார். நீங்கள் இன்னொரு துடைப்பத்தை எடுத்து, அந்தப் பையனோடு சேர்ந்து வராந்தா முழுக்கக் கூட்டினீர்கள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து பிறந்ததுதான் மன்றம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எல்லோரும் பெரிய ஹாலில் தரையில் உட்கார வேண்டும். கையைத் தூக்கிவிட்டு யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், பேசுகிறவரை முடிக்க விடவேண்டும், அவ்வளவுதான் விதி. யார் எதைக் கூட்டுவது, சாப்பாட்டுக்கு யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஜூனில் ரகசிய ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

வாத்தியார்கள் மேலும் புகார் சொல்லலாம் என்று நீங்கள் சேர்த்தீர்கள் பாருங்கள், அதில்தான் வந்தது வினை. முதல் புகாரே உங்கள் மேல். பிள்ளைகளை எருமை என்று கூப்பிடுகிறீர்களாம். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டீர்கள். அடுத்த வாரம் என் மேல், சாக்பீஸால் எறிகிறேன் என்று. நானும் மன்னிப்புக் கேட்டேன், கேட்டுவிட்டு உங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தீர்கள், நான் திரும்பியே பார்க்கவில்லை. நீங்கள் மைதானத்துக்குப் போன பிறகு எடுத்துத் தின்றேன். இதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டீர்கள். நீங்கள் இருந்தவரை யாரும் மன்றத்தின் மேல் கை வைக்கவில்லை. நம் தலைமையாசிரியர் நாச்சிமுத்து சாரை உங்களுக்குத் தெரியுமே, பொள்ளாச்சிக்காரர், நல்ல மனுஷர். ஆறாம் வகுப்புப் பிள்ளையானாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் சத்தம் ஆகாது அவருக்கு. பள்ளிக்கூடம் அமைதியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிற ஆள். இந்த ஜூனில் முதல் ஸ்டாஃப் மீட்டிங்கிலேயே பேச்சை எடுத்துவிட்டார்.

"தேர்தல்னு வெச்சா லைனு, பஜாருன்னு கட்சி பிரியுதுங்க. நல்லாப் படிக்கிற ஒரு புள்ளைய நாமளே லீடர்னு போட்டுட்டா வேலை முடிஞ்சுதுங்க" என்றார்.

மற்றவர்கள் எல்லோரும் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "எட்டாம் வகுப்புப் புஸ்தகத்துல மக்களாட்சின்னு ஒரு பாடம் இருக்குதுங்க சார். அதை நான் எப்படி நடத்தறதுங்க, போர்டுல படம் வரைஞ்சா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்திருப்பீர்கள். கடைசியில் அவர் இறங்கி வந்து ஒரு நிபந்தனை வைத்தார். இந்த வருஷம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு தகராறு வந்தாலும் அன்றோடு மன்றத்துக்கு மூடுவிழா. நான் ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி பத்தாம் வகுப்பு சுகந்தி. அவள் குடும்பமும் உங்களைப் போல அக்கரையிலிருந்து வந்ததுதான், அம்மா கொழுந்து பறிக்கிறவர். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள். இன்னொருவன் பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் அஷ்ரப்பின் மகன் ஷமீர். மலையாளம் கலந்த தமிழில் வாயாலேயே வண்டி ஓட்டுகிறவன். சுகந்தி ஜெயித்தாள். ஷமீர் கை கொடுத்தான். ஆனால் அவன் கூட்டாளிகள் சிலருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. லயத்துப் பெண் சொல்லி நாங்கள் வரிசையில் நிற்பதா என்று முணுமுணுத்தார்கள், அவள் காதில் விழும்படியே.

அவள் என்னிடம் வந்து, தலைவி என்றால் என்ன டீச்சர் செய்யவேண்டும் என்று கேட்டாள். எல்லோருக்கும் ஒரே சட்டம், உனக்கும் சேர்த்துத்தான் என்றேன். சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அண்ணா. ஒரு வாரத்தில் அந்தப் பெண் ஆளே மாறிவிட்டாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டில் நிற்பாள். ஒவ்வொரு வகுப்பாக வரிசை பார்ப்பாள், பெயர் கூப்பிடுவாள். எங்கேயோ பார்த்த நிற்பு, எங்கேயோ கேட்ட அதட்டல். பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பத்துப் பேரை மேய்க்கிற அதிகாரம் உள்ளவர் என்று அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான், தோட்டத்துக் கங்காணியை. அச்சு அசல் கங்காணியாகவே ஆகிவிட்டாள்.

காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதை உங்கள் ஆட்கள் பெரட்டு என்பீர்களே, பிள்ளைகள் நம் பிரேயரையும் பெரட்டு என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாச்சிமுத்து சாருக்கோ பரம சந்தோஷம். "இந்த வருசந்தானுங்க டீச்சர் பிரேயர் ஒழுங்கா நடக்குது" என்று என்னிடமே பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அந்த மழை நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து காற்றும் மழையும். நாடுகாணி தாண்டி ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. நான் பஜாரிலேயே குடியிருப்பதால் நேரத்துக்கு வந்துவிட்டேன். முதல் பீரியடுக்கு ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சுகள் பாதி காலி. பஸ் வரவில்லையா என்று கேட்டேன். வந்துவிட்டது டீச்சர், அவர்கள் பெரட்டுக்கு லேட்டு, லீடர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஒரு பிள்ளை சாவதானமாகச் சொன்னாள். மழை பெய்கிறது டீச்சர் என்று சொல்கிற மாதிரியே சொன்னாள்.

 பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது, அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. அந்த ரோட்டில் ஒற்றை யானை நடமாட்டம் இருக்கிறது என்று ஒரு வாரமாகவே வனத்துறையினர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளோ ஒன்றுகூட எதிர்த்துப் பேசாமல், அழாமல், குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்திருக்கின்றன.

கேட்டுக்கு ஓடினேன். சுகந்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். யானை நிற்கிற ரோட்டில் யாரைக் கேட்டு அனுப்பினாய் என்று கத்தினேன்.

"லேட்டு டீச்சர்" என்றாள்.

உன் தம்பி பிரபு எங்கே என்றேன். அவனும் ஆறாம் வகுப்புதான், அந்த பஸ்ஸில்தான் வருவான்.

"அவனும் லேட்டுத்தானே டீச்சர்."

சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. முகம் வெளுத்துப் போயிற்று. அதற்குள் என் சத்தம் கேட்டு, யாரும் சொல்லாமலே ஷமீர் ஓடிப்போய் அவன் உப்பா அஷ்ரப்பின் ஜீப்பைக் கொண்டுவரச் செய்துவிட்டான். பன் டிரேக்களுக்கு நடுவே நானும் சுகந்தியும் ஷமீரும் ஏறி உட்கார்ந்தோம். அஷ்ரப் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது, உங்கள் மாதாவையும் விடவில்லை.

தோட்டத்துக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் இருந்தார்கள் அண்ணா, அத்தனை பேரும் பத்திரமாக. மழைக்கு ஒதுங்கிய பறிக்கிற பெண்களோடு வரிசையாக உட்கார்ந்து, யாரோ கொடுத்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சுகந்தியின் அம்மா செல்வி அங்கேதான் இருந்தார். நேரே அவரிடம் போனேன். பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு வருகிறார்களே, ஏன் வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லையா என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "கேட்டனே டீச்சர். லேட்டுன்னாங்க. லேட்டாப் போனா திருப்பித்தானே அனுப்புவாங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.  தோட்டத்தில் பெரட்டுக்குத் தாமதமானால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போ. பஸ்ஸா, மழையா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தாய் அப்படி எத்தனையோ காலை திரும்பி வந்தவர். மகள் அனுப்பியதும் சரி, மகன் வந்ததும் சரி என்றே அவருக்குப் பட்டது. தவறு எங்கே ஆரம்பித்தது என்று நான் யாரைக் கேட்பது? நீங்கள் இருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலை பெற்றோர் திரண்டு வந்துவிட்டார்கள். தோட்டத்துக்காரர்களை விட பஜார்க்காரர்கள்தான் அதிகம். அவர்கள் பிள்ளைகளில் ஒருவரும் ரோட்டில் நிற்கவில்லை, இருந்தாலும் வந்தார்கள். சுகந்தி தலைவி பேட்ஜைக் கழற்றி நாச்சிமுத்து சார் மேஜையில் வைத்துவிட்டாள். "பாத்தீங்களா டீச்சர், புள்ளைங்க கையில அதிகாரத்தக் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்" என்றார் அவர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

ஒன்றே ஒன்று கேட்டேன். மன்றத்தில் நடந்த தப்பை மன்றமே ஒரு தடவை விசாரிக்கட்டும், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கட்டும், கூச்சல் குழப்பமாகிவிட்டால் மூடுகிற நோட்டீஸை நானே என் கையால் ஒட்டுகிறேன் என்றேன். அவர் வெகுநேரம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. பின்னால் பெஞ்சு போட்டுப் பெற்றோர். செல்வி அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து கதவோரம் நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.  சுகந்தி எழுந்து நின்றாள்.

"தோட்டத்துல லேட்டாப் போனா அன்னிக்கு வேலை இல்லை. எங்கம்மா நெறைய நாள் அப்படித் திரும்பி வந்திருக்காங்க. அதுதான் சட்டம்னு நெனைச்சிட்டேன். ஏன் லேட்டுன்னு நான் ஒருத்தரையும் கேக்கலை. கேட்டிருக்கணும். எல்லாரும் என்னை மன்னிச்சிக்கிடுங்க."

பெஞ்சிலிருந்து ஒரு அப்பா எழுந்து, இதுக்குத்தான் எல்லாரையும் தலையில் தூக்கி வைக்கக்கூடாது என்று ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, நீங்கள் கையைத் தூக்கவில்லை, கையைத் தூக்கினால்தான் பேசலாம் என்றாள். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள், அவர் தன்னையறியாமல் கையைத் தூக்கினார். ஹால் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஷமீர் கையைத் தூக்கினான். தோற்றவன் பேசப் போகிறான், தொலைந்தோம் என்று நினைத்தேன். பஜார்ப் பையன்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"லீடர் செஞ்சது தப்புதான். பக்ஷே, சொந்தத் தம்பியையும் அனுப்பினாங்க. நான் லீடரா இருந்தா என் தம்பியை மட்டும் உள்ள விட்டிருப்பேன், சத்யம். இன்னொண்ணு. அன்னிக்கு அதே மரத்தால ஹெச்.எம். சாரும் லேட்டு. அவரை யாரும் திருப்பி அனுப்பலை, ஏன்னும் கேக்கலை. சின்னவங்களுக்கு மட்டும் சட்டம், பெரியவங்களுக்கு இல்லைன்னா அது எஸ்டேட்தானே? ஸ்கூல் எப்படி ஆகும்?"

 நான் நாச்சிமுத்து சாரைப் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஷமீருடைய உப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைகள் மட்டும் எதுவும் நடக்காதது போல வேலையைப் பார்த்தார்கள். ஒருவர் சொல்ல ஒருவர் திருத்த, விதி அங்கேயே உருவாயிற்று. தாமதமாக வந்தவர்கள் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. கேட்டுக்கு உள்ளே கூரைக்கடியில் நின்று காரணத்தைச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகலாம். இது எல்லோருக்கும் பொது, வாத்தியார்களுக்கும் சேர்த்து. ஓட்டுக்கு விட்டார்கள். கைகள் எழுந்தன பாருங்கள், நம் ஹாலில் அத்தனை கை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுகந்தி தலைவியாக நீடிக்கலாமா என்று அடுத்த ஓட்டு. மழையில் திருப்பி அனுப்பப்பட்ட ஆறாம் வகுப்புக் குட்டிகள்தான் முதலில் கையைத் தூக்கினார்கள். பஜார்ப் பையன்களில் இரண்டு மூன்று பேர் கடைசிவரை தூக்கவில்லை, அவர்களைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஷமீர் தூக்கினான். அந்தப் பெண் அதுவரை அழவில்லை, அப்போது அழுதாள்.

நாச்சிமுத்து சார் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மூடப் போகிறாரா, விடப் போகிறாரா? சனி ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. இட்லிக்கு ஊறவைத்த அரிசியை ஆட்டக்கூட மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை. பிரேயர் முடிகிற நேரம், மழை கொட்டுகிறது. கேட்டுக்கு வெளியே ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு மழைக்கோட்டோடு ஒருவர் வருகிறார். நாச்சிமுத்து சார். அவர் அறைக்குப் போகப் பின்பக்கம் வேறொரு வழி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பள்ளிக்கூடமே வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கூரைக்கடியில் நின்ற குட்டிகளின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருவன் செருப்பு வாரு அறுந்துவிட்டது. அவர் முறை வந்தது. சுகந்தி என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

"காரணம் சொல்லுங்க சார்."

"பைக்கு ஸ்டார்ட் ஆகலைங்க. கொஞ்சம் முன்னாடியே கெளம்பியிருக்கோணும், என்ற தப்புதானுங்க."

"சரிங்க சார். உள்ள வாங்க."

யார் முதலில் கை தட்டியது என்று தெரியாது. ஓடு அதிரத் தட்டினார்கள் அண்ணா. நானும் தட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தட்டினேன். அன்று மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த ஜூனிலும் தேர்தலை வைத்துவிடுங்கள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, இத்தனை வருஷ சர்வீஸில் பிள்ளைகள் தனக்காகக் கை தட்டியது இதுதான் முதல் தடவை என்றார். எனக்கு அவர் மேல் அத்தனை பிரியம் வந்துவிட்டது. அட, அவரோடு இனிமேல் எப்படிச் சண்டை போடுவது?

இன்னும் இருக்கிறது கேளுங்கள். அந்த வெள்ளிக்கிழமை மன்றம் முடிந்து கிளம்பும்போது செல்வி என்னை ஓரமாக நிறுத்தி, "ஏன் லேட்டுன்னு எங்களையும் கேக்கணும்னு நாங்க தோட்டத்துல சொல்லலாமா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். நாலைந்து பெண்கள் சேர்ந்து போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் கங்காணி சிரித்தாராம். இப்போது கேட்கிறாராம். கேட்டுவிட்டுச் சில நாள் திருப்பியும் அனுப்புகிறாராம், ஆனால் கேட்கிறார். பெரட்டுக் களத்தில் வாய் திறந்து காரணம் சொல்கிறார்கள் அண்ணா, உங்கள் ஆட்கள். உங்கள் அம்மா நின்ற அதே வரிசையில்.

சுகந்தி இப்போது குடையைக் கக்கத்தில் இடுக்குவதில்லை. நனைந்து வருகிற பிள்ளைக்குப் பிடிக்கிறாள். அதட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று மன்றம் தீர்மானித்துவிட்டது.

நேற்றுக் காலை நானே தாமதம். இத்தனை வருஷத்தில் பிரேயருக்குத் தாமதமாகப் போகாதவள், குட்டிகளோடு வரிசையில் நின்றேன். சுகந்தி காரணம் கேட்டாள். என்னென்னவோ சொல்லியிருக்கலாம். மாதா கோயில் கல்லறைக்குப் போயிருந்தேன், மன்றம் ஜெயித்த கதையை லூர்து சாரிடம் சொல்லிவிட்டு வர நேரமாகிவிட்டது என்று எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொன்னேன்.

 "எல்லாம் சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்றாள்.

இல்லை, பாதியில் மழை வந்துவிட்டது என்றேன்.

"மீதியையும் சொல்லிடுங்க டீச்சர். அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."

சொல்லிவிட்டேன் அண்ணா, மீதியையும். எனக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் இருக்கிறது. அதுவரை ஒரு வெள்ளிக்கிழமையும் விடமாட்டேன், என் மேல் புகார் வந்தால் எழுந்து நிற்பேன், ஒரு பிள்ளையையும் காரணம் கேட்காமல் யாரும் திருப்பி அனுப்ப விடமாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் உங்கள் தங்கச்சி,
சரசு